எல்லிடாவின் வெள்ளை மாத்திரை

லிம்பே சந்தையில் பழைய துணி விற்கும் எல்லிடா, புருஷன் சாப்பிடும் மாத்திரைகளை ஓர் அட்டையில் எழுதி அவர் சட்டைப் பையில் செருகி வைத்திருந்தாள். சர்க்கரைக்கு எது, ரத்தக் கொதிப்புக்கு எது, எந்த வேளை, எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. தலை சுற்றினால் இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்கவும் என்ற குறிப்பும், கீழே மகள் தடாலாவின் போன் நம்பரும் இருந்தன. மினிபஸ் ஓட்டி ஓய்ந்த வைசனுக்கு அந்த அட்டையைக் கண்டாலே எரிச்சல்.

“நான் என்ன லாரியில ஏத்துற மூட்டையா, சீட்டு ஒட்டி அனுப்புறதுக்கு?”

“மூட்டைன்னா வச்ச எடத்துல இருக்கும். நீங்க எங்க போய் விழுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

முனகிக்கொண்டே அதைச் சுமந்து திரிந்தார்.

மழை தொடங்கிய சமயத்தில், துருப்பிடித்த தகரம் ஒன்று எல்லிடாவின் காலைக் கிழித்தது. உப்புத் தண்ணீரில் கழுவித் துணியைச் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போனாள். கால் வீங்கிக் காய்ச்சல் ஏறியது. தட்டில் வைத்த ந்ஸிமாக் களி தொடாமலே ஆறியது. ஒரு காலையில், படுத்த வாக்கிலேயே யாரிடமோ பேரம் பேச ஆரம்பித்தாள். “பச்சைச் சட்டை போயிடுச்சும்மா, நாளைக்கு வா.”

வைசன் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

லோனெஸ் என்ற நர்ஸ் எல்லிடாவின் வைத்தியக் குறிப்புகள் எழுதும் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டினாள். பழையது நிரம்பிவிட்டதால் சமீபத்தில் வாங்கிய புதுப் புத்தகம் அது. உள்ளே ஓர் இருமல் மருந்தின் பெயர் மட்டும் இருந்தது.

“வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறாங்களாப்பா?”

“ராத்திரியில ஒண்ணு போடுவா. வெள்ளையா, சின்னதா.”

“எதுக்கு?”

“தூக்கத்துக்கா இருக்கும்.”

“இங்க இருக்குற மாத்திரையில பாதி வெள்ளைதான். வீட்டுல இருந்தா எடுத்துட்டு வாங்க.”

அவர் எழுவதற்குள் எல்லிடாவின் உடம்பு விறைத்தது. கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது. லோனெஸ் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். இன்னொருத்தி ஊசியோடு ஓடி வந்தாள். வைசன் சுவரோடு ஒட்டி நின்றார். இழுப்பு மெல்ல அடங்கியது.

“இதுக்கு முன்னாடி வந்திருக்கா?”

“பொண்ணு சின்னப் புள்ளையா இருந்தப்ப வந்துது. அப்புறம் தானா நின்னு போச்சு.”

“தானா நின்னிருக்காதுப்பா. அந்த வெள்ளை மாத்திரைதான் நிறுத்தி வச்சிருக்கும்னு நெனைக்கிறேன். காய்ச்சல்ல எத்தனை நாளா போடலையோ?”

அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

மினிபஸ்ஸில் வீட்டுக்குப் போனார். ஓட்டுநர் பழக்கமானவன், ஏதேதோ கேட்டான். இவர் நிறுத்தம் வருமுன்பே கதவருகே போய் நின்றார். வீட்டில் எதை எங்கே தேடுவது என்று புரியாமல் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டார். கடைசியில் அவளுடைய துணிகளுக்கு நடுவில் ஒரு காகிதப் பொட்டலம் கிடைத்தது. மேலே எழுதியிருந்தது ஈரத்தில் அழிந்துபோயிருந்தது. மாத்திரையின் மேலிருந்த முத்திரையைப் பார்த்து, ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரர்தான் பெயரைச் சொன்னார். லோனெஸ் நினைத்தது சரி. வலிப்பு மாத்திரைதான்.

எல்லிடா பிழைத்தாள். காலில் ஒரு விரல் போயிற்று. அவள் எழுந்து உட்கார்ந்த அன்று, பிஸ்கட் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டையும் பேனாவுமாக வைசன் வந்து சேர்ந்தார்.

“சொல்லு.”

“எதைச் சொல்ல?”

“சாப்பிடுறது, ஆகாதது, எல்லாத்தையும்.”

“போலீஸ்காரராட்டம் கேக்குறீங்களே!” என்று சிரித்தாள். மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். பிறகு, “மலேரியாவுக்குக் கொடுப்பாங்களே, அந்த சல்ஃபா மாத்திரை எனக்கு ஆகாது. ஒரு தடவை உடம்பெல்லாம் கொப்புளிச்சுப் போச்சு. அதையும் எழுதிக்குங்க” என்றாள்.

பேனா நின்றது. “எப்போ?”

“நீங்க லிலாங்வேக்கு வண்டி ஓட்டினப்ப.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேனே. நீங்க டயர் வெடிச்ச கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க.”

அவர் சல்ஃபா என்று பெரிதாக எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

அதற்குப் பிறகு மருந்து வாங்கும் நாட்களில் அவரும் அவளுடன் வரிசையில் நின்றார். மாத்திரை மாறினாலோ அளவு மாறினாலோ அங்கேயே அவளுடைய அட்டையை எடுத்துத் திருத்தினார். பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எல்லிடா மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நொண்டிக் காலோடு வெகுநேரம் நிற்க முடியவில்லை.