உபயம்: ராதாமணி

தெருவுக்குப் புதிதாக வந்த தண்ணீர்த் தொட்டியின் திறப்பு விழாவுக்கு அரசாங்கம் கொண்டுவந்தது ஒரு கல்வெட்டு மட்டும்தான். மீதியெல்லாம் தெருவே போட்டது. மைக்குக்குக் கரண்ட் அன்னக்கொடி வீட்டு ஜன்னல் வழியாக வந்தது. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் டெய்லர் கடையிலிருந்து வந்தது. தொட்டிக்குள் இருந்த தண்ணீர்கூட ராதாமணி வீட்டு போர்வெல்லிலிருந்து ஏறியதுதான். குழாயைத் திறக்கும்போது ஏதாவது கொட்ட வேண்டுமே என்று கவுன்சிலர் விருமாண்டி முந்தின நாளே வந்து கெஞ்சிவிட்டுப் போயிருந்தார்.

தண்ணீர் கொடுத்ததோடு விட்டிருந்தால் ராதாமணி பிழைத்திருப்பாள். விழாவன்று காலை விருமாண்டி மறுபடி வாசலில் நின்றார்.

"அக்கா, மேடையில பெரியவுக உக்கார அந்த சோபா மட்டும் வேணும். ஒரு மணி நேரந்தான். நானே கொண்டாந்து போட்டுட்டுப் போறேன்."

அது மாந்தளிர் நிற ரெக்சின் சோபா. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஆறு வருஷம் கணவனை நச்சரித்து வாங்கியது. அன்று புதன்கிழமை. ஞாயிறன்று மகள் காவ்யஸ்ரீயைப் பெண் பார்க்கப் பரமக்குடியிலிருந்து வருகிறார்கள். அவர்களை வேறு எதில் உட்கார வைப்பது? வீட்டில் இருந்த மற்ற நாற்காலிகள் இரண்டு, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். ராதாமணி தயங்கினாள். அவள் கணவர் ராதாகிருஷ்ணனோ, மேடையில் மாலை கிடைக்கும் என்ற நினைப்பில் சோபாவின் ஒரு முனையை ஏற்கெனவே தூக்கியிருந்தார்.

"சரி தம்பி. ஆனா மாறிப்போகாம சோபாவுல எம் பேரை எழுதிருங்க" என்றாள் ராதாமணி. தன் வாழ்நாளிலேயே அதுதான் புத்திசாலித்தனமான யோசனை என்று அப்போது நினைத்துக்கொண்டாள், பாவம்.

எழுதும் வேலை பெயிண்டர் சோணையிடம் போனது. சோணை முப்பது வருஷமாகக் கோயில் ட்யூப்லைட்டிலும் ஃபேனிலும் பெயர் எழுதுகிற ஆள். ஒரு பொருளில் பெயர் எழுதச் சொன்னால் அவன் கைக்கு ஒன்றுதான் தெரியும். சோபாவின் முதுகில், வெள்ளை எனாமல் பெயிண்டில், முழ நீளத்துக்கு முத்து முத்தாக எழுதினான்: உபயம்: ராதாமணி.

விழா முடிந்தது. மாலை ராதாகிருஷ்ணனுக்குக் கிடைக்கவில்லை. சோபாவும் வரவில்லை.

வியாழன் காலை ராதாமணி வார்டு ஆபீசுக்குப் போனாள். சோபா அங்கே ஃபேனுக்குக் கீழே ஒய்யாரமாகக் கிடந்தது. ஓரத்தில் '17' என்று நம்பர் வேறு. கிளார்க் ஹாலாஸ்யம் நல்ல மனுஷர்தான், ஆனால் ரெஜிஸ்டரில் ஏறாத எதையும் நம்பமாட்டார், ஏறியதைச் சந்தேகிக்கவும் மாட்டார்.

"உபயம்னு எழுதியிருக்குதேம்மா. உபயம்னா கொடுத்தாச்சுன்னு அர்த்தம். உங்க பெரிய மனசைப் பாராட்டி ஸ்டாக்ல ஏத்திட்டேன்."

"சார், அது அந்தப் பெயிண்டர் எழுதுனது. எங்க சோபா சார்."

"உங்க சோபாதான். அதான் உங்க பேர் போட்டிருக்கு. இனிமே அது உபயோகப்படாதுன்னு நான் சர்டிபிகேட் எழுதினாத்தான் வெளியே போகும். எப்படி எழுதறது? திடமா இருக்கே."

ராதாமணிக்கு அழுகை முட்டியது. கோபமும் வந்தது. வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் நாலு வார்த்தை திட்டினாள். ஹாலாஸ்யம் அதை நன்றியுரை என்று நினைத்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் அவளுக்கு வீம்பு பிறந்தது. நேராகப் போய்த் தன் சோபாவில் உட்கார்ந்தாள்.

"இது இங்க இருக்க வரைக்கும் நானும் இங்கதான் இருப்பேன் சார்."

மதியம் அன்னக்கொடி சாப்பாடு கொண்டுவந்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். விழாவன்று கொட்டிய தண்ணீரோடு தொட்டி வறண்டு கிடந்ததால், கேட்க அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது. வெள்ளிக்கிழமை இன்னொருத்தி சேர்ந்தாள். அவரைக்காய் உரித்தார்கள், பூக் கட்டினார்கள். கவுன்சிலரைப் பார்க்க வந்தவர்கள் நின்றார்கள். கடைசியில் கவுன்சிலரே நின்றார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காந்தா..."

"எம்புட்டுத் தள்ளுறது? தண்ணி எப்ப வரும்னு சொல்லுங்க, தள்ளுறேன்."

சனிக்கிழமை மத்தியானம் விருமாண்டிக்குக் கால் வலித்தது. "சாமி, இதுக்கு எதாச்சும் எழுதி விட்டுருங்க" என்று ஹாலாஸ்யத்திடம் கையெடுத்துக் கும்பிட்டார். ஹாலாஸ்யம் சோபாவை நெடுநேரம் பார்த்தார். மூன்று நாளாக அலுவலகத்தார் ஒருவரும் அதில் உட்காரவில்லை என்பது அவருக்கே தெரிந்த உண்மை. மனசாட்சி உறுத்தாமல் எழுதினார்: 'எண் 17, அலுவலகத்தார் உட்கார உபயோகப்படாத நிலையில் உள்ளது.'

சாயங்காலம் சோபா வீடு வந்தது. விருமாண்டியே ஒரு முனையைத் தூக்கிவந்தார். எனாமல் பெயிண்ட் மட்டும் போகவில்லை. தேய்த்தால் ரெக்சினும் சேர்ந்து வந்தது. முதுகை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சுவரோடு ஒட்டிப் போட்டாள் ராதாமணி. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிறன்று எல்லாம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளை உமேஷுக்குக் காவ்யஸ்ரீயைப் பிடித்தது. அவளுக்கும் பிடித்தது, முகத்திலேயே தெரிந்தது. உமேஷின் அம்மா நாலு வாய் கேசரி சாப்பிட்டபின், ஜன்னல் வெயில் முகத்தில் அடிக்கிறது, சோபாவைக் கொஞ்சம் திருப்பிப் போடலாமா என்றார். ராதாமணி 'வேண்டாம்' என்று வாயெடுப்பதற்குள் உமேஷும் ராதாகிருஷ்ணனும் சோபாவைத் திருப்பிவிட்டார்கள்.

அந்த அம்மா சோபாவின் முதுகில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முகம் மலர்ந்தது. ராதாமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர்கள் பேசிக்கொண்டது சௌராஷ்டிரத்தில். நமக்காகத் தமிழில் சொன்னால் இப்படி:

"நாங்க சீர்னு வாயே திறக்கலை. நீங்களா பேர் எழுதியே வச்சிருக்கீங்களே சம்பந்தி. டெம்போவுக்கு இப்பவே சொல்லிரட்டுமா?"