பச்சை வேன்

"மேல் தட்டை முழுசா இறக்கிடுங்க, அலமாரியையே நகர்த்தணும்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், அவர் சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். சாவு வீட்டுக்குக் கையுறையோடு வருகிற மனிதரை அவள் பார்த்ததில்லை.

கணவரின் கூட்டாளி. இரண்டு பேருக்கும் பொம்மைக் கார் சேர்க்கிற பைத்தியம். பதினெட்டு வருடமாக அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டுபோனவர் இவர்தான். மனசுக்குள் இவருக்கு அவள் வைத்திருந்த பெயர் கையுறை.

ஆஸ்பத்திரியிலிருந்து கணவரின் உடல் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. கூடத்தில் கிடத்த இடம் வேண்டும். அலமாரியில் இருநூற்றுப் பதினாறு கார்கள், எல்லாம் பெட்டிக்குள். பெட்டி பிரிந்தால் மதிப்பு போச்சாம்; பிரிக்காததற்குத்தான் சந்தையில் ஆள் அலைகிறதாம். ஓட வேண்டிய வண்டியை உட்கார வைத்து அழகு பார்க்கிற கூத்து அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஞாயிறு காலையில் கணவர் சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு பெட்டியாகத் தூசி தட்டுவார். தானே தைத்த புதுத் துணியைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றால், "கொஞ்சம் தள்ளிக்கோ, வெளிச்சம் மறைக்குது" என்பார்.

பொறாமைதான். இன்னொருத்தி என்றால் அவளோடு தெருவில் நின்று சண்டை போட்டிருப்பாள். தகரத்தோடு என்ன சண்டை போடுவது?

ஆறு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், அவர் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போயிருந்தபோது, அவருக்கு உயிரான பச்சை வேனை எடுத்தாள். தையல் பிரிக்கிற கத்தியால் பெட்டியின் அடியை அறுத்தாள். கண்ணாடித் தாள் வழியாகத் தெரியாத பக்கத்தில் ஊசியால் ஒரு கோடு இழுத்தாள். கட்டைவிரல் நீளம் இருக்கும். பச்சைப் பெயின்ட் சுருண்டு வந்தபோது அப்பாடா என்று இருந்தது. பிறகு டேப் ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அவர் எதுவும் கேட்கவில்லை. இதைக்கூடக் கண்டுபிடிக்கத் துப்பில்லையே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

கையுறை இப்போது அந்தப் பெட்டியைத்தான் இரண்டு கையாலும் எடுத்தார். கண் கலங்கிவிட்டது.

"இதுக்கு நான் கேக்காத விலையா, அண்ணி? தரவே மாட்டேன்னுட்டார். அடியில பிரிஞ்சிருக்கேன்னேன். ஆமா, நம்ம வீட்டுல பிரிச்சுப் பாத்திருக்கா, ஆசையா இருந்திருக்கும், கேக்க வெக்கப்பட்டிருப்பான்னார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"ஒரு தடவையா? சரி, உள்ள எப்படி இருக்குன்னு நான் பாக்கறேன்னேன். அதுக்கும் விடல. அவ வச்ச மாதிரியே இருக்கட்டும், ஒருநாள் அவளே கேப்பா, அப்ப ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கறோம்னார்."

பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ ஏதாவது பாக்கணுமா?" என்று கணவர் கேட்பது ஞாபகம் வந்தது. எனக்கு வேற வேலை இல்லையா என்று இவள் தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள். எத்தனை ஞாயிறு.

இந்த ஆளிடம் சொல்லியிருக்கிறார், தன்னிடம் சொல்லவில்லை என்று முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு வந்ததுதான் தாங்க முடியவில்லை. ஆசைப்பட்டுப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த ஒருத்தியோடு அவர் இந்த வீட்டில் ஆறு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார். அந்தப் பாக்கியசாலியை நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டுமா, அண்ணி?" என்றார் அவர் தயங்கி.

அவள் பெட்டியை வாங்கி டேப்பை உரித்தாள். வேன் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. அவர் கையுறை போட்ட உள்ளங்கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. முன்பக்கம், பின்பக்கம், கூரை, சக்கரம் என்று தானே திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஒரு பக்கத்தின் மேல் வைத்திருந்த கட்டைவிரலை மட்டும் எடுக்கவே இல்லை.