அப்புறம்

பக்கவாதம் வந்த பிறகு டிரைவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். பசிக்கிறதா என்றால் "அப்புறம்." வலிக்கிறதா என்றாலும் "அப்புறம்."

"கல்யாணம் ஆனதுலேருந்து எதக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாரு. மத்ததெல்லாம் போயிடுச்சு, அது மட்டும் கெட்டியா ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க டீச்சர்," என்றாள் அவர் மனைவி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் பேச்சு டீச்சர்.

மனைவிக்கு ஒரே ஆசை. வீட்டில் அவர் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார். அதை இன்னொரு தடவை கேட்டால் போதும். வந்துவிடும்தானே என்று அவள் கேட்டபோது டீச்சர் தலையாட்டிவிட்டாள். கைராசிக்காரி என்று பெயர் எடுத்தவள். அதை அவளே கொஞ்சம் நம்பவும் செய்தாள்.

தினமும் அவர் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து உதட்டைக் குவிக்கச் சொல்வாள். ராகம் போட்டு இழுத்துக் காட்டுவாள். டிரைவருக்கு வியர்த்துக் கொட்டும். ஒருநாள் "கு" என்று வந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டீச்சர் தன் வீட்டுக்குப் போய்க் கணவனைச் சாப்பிட விடாமல் அதையே பேசித் தீர்த்தாள்.

அடுத்த வாரம் மூளையில் மறுபடி அடைப்பு. அந்த "அப்புறம்" கூடப் போய்விட்டது. விழுங்கவும் திணறினார்.

வார்டுக்குள் போகக் கால் வராமல் டீச்சர் கைகழுவும் இடத்திலேயே நின்றாள். இன்னும் அரைமணி கூட உட்கார்ந்திருக்கலாமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உன் தப்பு எதுவுமில்லை என்று பெரிய டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை.

மனைவி திட்டவில்லை. "வந்துடும்னு தலையாட்டினீங்களே," என்றாள்.

"ஆட்டியிருக்கக் கூடாதுக்கா. அது என் கையில இல்ல."

"அப்ப இனிமே எதுக்கு வர்றீங்க?"

டீச்சர் மசித்த பழக் கிண்ணத்தை எடுத்தாள். அவர் தாடையை மெல்லத் தாழ்த்தி அரைக் கரண்டி ஊட்டினாள். மனைவியின் விரலைப் பிடித்து அவர் தொண்டையில் வைத்தாள். இருவரும் காத்திருந்தார்கள். தொண்டை மேலே ஏறி இறங்கியது.

"எறங்கிடுச்சு," என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு தினமும் அதுதான் வேலை. டிரைவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருப்பார். அடையாளம் தெரிந்துதான் பார்க்கிறாரா என்று டீச்சரால் சொல்ல முடியவில்லை. ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

"கடைசி வரைக்கும் கூப்பிடவே இல்ல டீச்சர்."

"ஆமாக்கா."

அவளைக் கட்டிக்கொண்டு டீச்சரும் அழுதாள். எங்கே தப்பு செய்தோம் என்ற கேள்வி மட்டும் இந்த முறை எழவில்லை. துக்கம் துக்கமாகவே இருந்தது.

அன்று மதியம், புதிதாக வந்திருந்த ஒரு நோயாளியின் மகன் அவளை வழிமறித்தான். அம்மா எப்போது பேசுவாள் என்று கேட்டான்.

"தெரியலங்க," என்று சொல்லிவிட்டு, நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.