சேற்றில் நின்றவர்

கடலோரச் சதுப்புக்காட்டை ட்ரோனில் படமெடுத்து வரைபடமாக்குவது அவள் வேலை. கூட வேலை செய்தவர் அக்காவின் கணவர். நீளக் கால்களைப் பார்த்து அலுவலகத்தில் அவருக்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். படங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்காகத் தரையில் அடையாளத் தட்டிகளை விரிக்க வேண்டும். கடல் வடிந்து தண்ணீர் வற்றியதும் சேற்றில் இறங்கி விரித்துவிட்டு வருவார்.

அன்று கடைசித் தட்டி வெகுதூரத்தில்.

"விட்ருங்க அத்தான். தண்ணி ஏறப்போகுது."

"கொக்குக்கே சேத்தப் பத்திச் சொல்றியா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவள் மேட்டிலிருந்து ட்ரோனைப் பறக்கவிட்டாள். மற்ற இடங்களை எடுத்து முடித்துவிட்டு, அவர் இருந்த பகுதியை எடுக்கத் திருப்பினாள். தட்டியை விரித்துவிட்டுத் திரும்பியவர் நகரவில்லை. கைபேசி அடித்தது.

"கால் மாட்டிக்கிச்சும்மா. இழுக்க இழுக்க உள்ள போகுது."

"அசையாதீங்க அத்தான். படகு வருது."

அவர்களைக் கொண்டுவந்து விட்ட படகோட்டி, அவள் போன் செய்ததும் உடனே கிளம்பினார். ஓடைகளெல்லாம் ஒரே சாயல். "எந்தப் பக்கம்மா?" என்று போனில் கத்தினார்.

"ட்ரோனைப் பாத்து வாங்கண்ணே!"

அதை அத்தானின் தலைக்கு மேலேயே நிறுத்தினாள். படகோட்டி கண்டுகொண்டார். ஆனால் நுழைந்த ஓடையை வேர்கள் அடைத்திருந்தன, பின்வாங்கிச் சுற்றவேண்டியதாயிற்று. பேட்டரி தீர்கிறதென்று கருவி அலறியது. திரையில் தண்ணீர் அவர் மார்புக்கு வந்திருந்தது. போனை உயர்த்திப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார்.

"அது விழுந்துடப்போகுதும்மா. திருப்பிக்கோ."

"விழட்டும் அத்தான்."

"அக்காகிட்ட இப்பவே சொல்லாத. பயந்துடுவா."

திரை இருண்டது. படகு போய்ச் சேர்ந்தபோது அங்கே தண்ணீர் மட்டுமே இருந்தது.

மறுநாள் நீர் வற்றியபின் அவரை எடுத்தார்கள். பக்கத்தில் கிடந்த ட்ரோனையும் எடுத்தார்கள். படங்கள் கெடவில்லை.

சில வாரம் கழித்து அதிகாரி அவளைக் கூப்பிட்டார். "வரைபடத்துல ஒரு ஆள் தெரியுது பாரு. அத அழிச்சுடும்மா. மேலிடத்துக்கு அனுப்பணும்."

"ஒரு மரத்த விட்டாலே திட்டுவீங்களே சார்," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அதை வேறொருவர் அழித்தார்.

வீட்டில் அக்கா அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "கடைசி வரைக்கும் நீ பாத்துட்டேதான இருந்த?"

"ஆமாக்கா."

அக்கா அடுத்த சட்டையை எடுத்தாள். அதன்பின் அவளோடு பேசவேயில்லை.