இவானோ சொன்ன சாட்சி

எங்கள் ஊரில் எங்கே குழாய்க்கிணறு இறக்கினாலும் தண்ணீர் வரும். அதில்தான் பொலெந்தா என்னும் சோளக்களி கிண்டினோம், தோட்டத்துக்கும் பாய்ச்சினோம். மேற்கே இருக்கும் ரசாயன ஆலையின் கழிவு அதில் கலந்திருப்பது தெரியவந்தபோது ஃபௌஸ்தாவின் மகள் நீவெஸுக்கு ஒன்பது வயது. அதற்குள் அவளுக்கு நிமோனியா மூன்று முறை வந்து போயிருந்தது.

ஃபௌஸ்தா ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளோடு ஒரே தெருவில் வளர்ந்த இவானோ, நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பைப் பற்றி ஆராய்பவன். நீவெஸின் ஞானத்தந்தையும் அவன்தான்.

"தடுப்பூசி போட்டா உடம்புல எதிர்ப்பு உண்டாகணும். இந்த ரசாயனம் ரத்தத்துல இருந்தா அது குறையுதான்னு பார்க்கணும், ஃபௌஸ்தா. நான் கேட்டா யாரும் ரத்தம் குடுக்க மாட்டாங்க. நீ கேளு."

அவள் வீடு வீடாகப் போனாள். எதிர்வீட்டு லொரெதானா கிண்டலடித்தாள். "எங்க பசங்க ரத்தத்துல உன் சிநேகிதன் பேராசிரியராகப் போறானா?"

"ஆகட்டுமே. பசங்க ஏன் படுத்துக்கிட்டே இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும்."

தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவளே ரத்தம் எடுத்தாள். அடுத்த வசந்தத்தில் இவானோ அவள் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். ரசாயனம் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு எதிர்ப்புக் குறைவு என்றான். "நீவெஸுக்கு ரொம்பக் குறைவு. கிணத்துத் தண்ணிய விட்டுடு." சொல்லும்போது அவன் கண் கலங்கியது. ஃபௌஸ்தாதான் அவனைத் தேற்றினாள்.

தாய்மார்கள் ஆலைமேல் வழக்குப் போட்டார்கள். இவானோவைத்தான் சாட்சியாக நம்பியிருந்தார்கள். விசாரணையன்று அவன் ஆலை வக்கீல்களோடு வந்திறங்கினான். ஆலை பணம் கொடுக்கும் புது ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவன் தலைவராகியிருந்தது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

அந்த ஆய்வை நம்ப முடியாது என்று கூண்டில் நின்று சொன்னான். ஏன் என்று நீதிபதி கேட்டார்.

"ரத்தம் எடுத்த நர்ஸுக்கு ஆராய்ச்சிப் பயிற்சி கிடையாது. மாதிரிகளைச் சரியா குளிர்ல வைக்கலன்னு நினைக்கிறேன்."

மாதிரிகளை ஒவ்வொரு முறையும் குளிர்ப்பெட்டியில் அடுக்கித் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனவன் அவன்.

வெளித் தாழ்வாரத்தில் ஃபௌஸ்தா அவனை மறித்தாள்.

"உங்கம்மா இப்ப எந்தத் தண்ணி குடிக்கிறாங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "பாட்டில் தண்ணி."

"யார் வாங்கிக் குடுக்குறா?"

"நான்தான். ஃபௌஸ்தா, உனக்குப் புரியாது. அங்க போனா இன்னும் பெரிசா ஏதாவது செய்யலாம்னு..."

"என்னைக் கை காட்டுனியே, இவானோ. அதுக்காவது ஒரு காரணம் சொல்லு."

வக்கீல் கூப்பிட, அவன் போய்விட்டான்.

வழக்கு தோற்றது. இரண்டு குடும்பங்கள் ஃபௌஸ்தாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. கடையில் ஒருத்தி, "ஐஸ் போடத் தெரியாதவங்களுக்கு எதுக்கு ஊசி?" என்று காதில் விழும்படி சொன்னாள். அந்தக் குளிர்காலம் நீவெஸ் மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இவானோ பொம்மை அனுப்பினான். ஃபௌஸ்தா பிரிக்காமலே திருப்பிவிட்டாள்.

மறு வருஷம் வேறொரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆய்வைத் திரும்பச் செய்ய வந்தார்கள். ரத்தம் எடுக்க அவர்களே ஆள் கொண்டுவந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தாய்மார்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார்கள். யாரும் முன்னே போகவில்லை.

லொரெதானா ஃபௌஸ்தாவிடம் வந்தாள். "நீ என்ன சொல்ற? குடுக்கலாமா?"

"இனிமே நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், லொரெதானா."

நீவெஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "இவங்களும் அப்புறம் மாத்திச் சொல்லுவாங்களா?"

"தெரியலடா."

கொஞ்ச நேரம் கழித்து நீவெஸ் தானே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரத்தம் எடுத்து முடியும்வரை ஃபௌஸ்தா மகளைப் பார்க்கவில்லை. அந்த அந்நியனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.