மணி அடிக்கும் வரை கல்

“பிள்ளையை ஏசாதேங்கோ. கூப்பிட்ட உங்களைத்தான் நான் ஏசவேணும்.”

“நான் சும்மா கையைக் காட்டினனான், ரீச்சர்.”

“கையைக் காட்டினீங்களோ? ‘தேனு, இஞ்ச பார்’ எண்டு கத்தினது சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். இருபத்திரண்டு பிள்ளையளும் கல்லா இருக்குதுகள். உங்கட ஆள் மட்டும் எழும்பி ஓடி வாறா. உண்மையா யானை நிண்டிருந்தா?”

நிரோஜா காட்டிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். முன்பள்ளிப் படலையடியில் நின்ற மற்றத் தாய்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “யானைக்கும் ஒருக்காக் கையைக் காட்டுங்கோ அக்கா” என்றாள் ஒருத்தி. நிரோஜாவும் சேர்ந்து சிரித்தாள். காது மட்டும் சுட்டது. அவளுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற நாலு வயது மகள் தேனுகா, என்ன பிழை விட்டோம் என்று விளங்காமல், கஜனி ரீச்சரின் கையிலிருந்த பித்தளை மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் அந்த ஊருக்கு யானை புதிதல்ல. ஆனால் போன வருடம் ஒரு தனியன் யானை, பட்டப்பகலில், முன்பள்ளி முற்றத்தைக் குறுக்கறுத்துப் போனது. பிள்ளைகள் அலறிக்கொண்டு திசைக்கொன்றாய் ஓடினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அது யானை செய்த புண்ணியம் என்பார் கஜனி ரீச்சர். அதற்குப் பிறகுதான் அவர் இந்த விளையாட்டை உண்டாக்கினார். யார் “யானை” என்று கத்தினாலும் பிள்ளைகள் கிட்டக் கிடக்கிற மறைவுக்குள் போய்க் குந்திக் கல்லாகிவிட வேண்டும். கல்லுக்கு வாய் இல்லை, கால் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. ரீச்சர் மணி அடித்தால்தான் கல் திரும்பவும் பிள்ளையாகும். பிள்ளையானதும் மணிச்சத்தம் வருகிற பக்கம் ஓடி வரவேண்டும்.

மாதம் பிறந்தால் ரீச்சர் வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்துவிடுவார். ஒரு பக்கம் ‘வகுப்பில் படிப்பது’, மறுபக்கம் ‘வீட்டில் பழகுவது’. அந்த மாதத் தாளில் பச்சை நிறம் இருந்தது; பத்து வரை எண்ணுவது இருந்தது; செருப்பை இடம் வலம் மாறாமல் போடுவது இருந்தது. கடைசி வரியில் கல் விளையாட்டு. நிரோஜா தாளை அலுமாரிக் கதவில் ஒட்டினாள். படலையடியில் பட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை. பச்சையும் பத்தும் எங்கே போய்விடப் போகிறது என்று கடைசி வரியிலிருந்தே தொடங்கினாள்.

கணவன் தயாபரன் நெளுக்குளத்தில் மேசன் வேலை செய்தான். சனிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவான். மற்ற நாட்களில் பின்னேரங்கள் எல்லாம் தாய்க்கும் மகளுக்கும்தான். நிரோஜா குசினி வாசலில் நின்று “யானை!” என்பாள். தேனுகா கட்டிலுக்குக் கீழே நுழைவாள்.

“தேனு, அம்மா கூப்பிடுறன். வா.”

முதல் நாள் உடனே தலை வெளியே வந்தது. இரண்டாம் நாள் பிஸ்கற்றுக்கு வந்தது. மூன்றாம் நாள் நிரோஜா நிலத்தில் விழுந்து, “ஐயோ, அம்மாக்குக் கால் முறிஞ்சு போச்சு” என்று அழுதாள். பிள்ளை விம்மிக்கொண்டு ஓடி வந்து அவளுடைய முழங்காலைத் தடவியது. அதைப் பார்க்க மனம் உருகியது. ஆனாலும் அவள் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

“அம்மா செத்துக் கிடந்தாலும் வரக்கூடாது. விளங்கினதோ? மணி அடிச்சால்தான்.”

“எங்கட வீட்டில மணி இல்லையே.”

நிரோஜா தேநீர்க் கோப்பையில் கரண்டியால் தட்டிக் காட்டினாள். தேனுகா ஏளனமாக உதட்டைச் சுழித்தாள். “இது கோப்பை அம்மா.”

அதனால் வீட்டில் விளையாட்டு வேறு விதமாக முடிந்தது. தாய் தேடிப் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்கும் வரைக்கும் கல். ஒரு கிழமைக்குள் பிள்ளை தேறிவிட்டது. நெல்லு மூட்டைக்குப் பின்னால், அழுக்குத் துணிக் கூடைக்குள், ஒரு நாள் குசினி அடுக்குக்குக் கீழே. கண்ணைக்கூட இறுக மூடிக்கொண்டிருப்பாள். தூக்கும்போது அந்தச் சின்ன உடம்பு உண்மையாகவே குளிர்ந்து, கல்லைப் போலப் பாரமாக இருப்பதாக நிரோஜாவுக்குப் படும். பிறகு பிள்ளை சிரிக்கும். உலகம் பழையபடி ஓடத் தொடங்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணியிருக்கும். நிரோஜா கிணற்றடியில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள். தேனுகா முற்றத்தில் சிரட்டையில் மண்சோறு ஆக்கினாள். வெயில் பழுத்துச் சாய்ந்திருந்தது.

“ஆனை! ஆனை!”

வயல் பக்கமிருந்து பக்கத்து வளவுச் சுடலைமுத்துவின் குரல். பின்னால் யானை வெடி ஒன்று காது அடைக்கிற மாதிரி வெடித்தது. தண்ணீர் வாளி கையை விட்டு நழுவியது. நிரோஜா முற்றத்துக்கு ஓடினாள். சிரட்டைகள் இருந்தன. மண்சோறு இருந்தது. பிள்ளை இல்லை.

முதலில் அவளுக்கு வந்தது பெருமை. என்ர பிள்ளை பழகின மாதிரிச் செய்துபோட்டுது. கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். இல்லை. மூட்டைக்குப் பின்னால் இல்லை. கூடையைக் கவிழ்த்தாள். துணிகள் மட்டும் விழுந்தன. குசினி அடுக்குக்குக் கீழே ஒரு பூனை அவளைப் பார்த்துச் சீறியது.

“தேனு! விளையாட்டு முடிஞ்சுது. வாம்மா.”

அலுமாரிக் கதவைத் திறந்து பார்த்தாள்.

“தேனு, அம்மா உண்மையாத்தான் கூப்பிடுறன்.”

மூன்றாம் நாளும் உண்மை மாதிரித்தானே அழுதோம் என்று நினைத்தாள். பிஸ்கற் என்றாள். அப்பா வந்திட்டார் என்றாள். சொல்லச் சொல்ல, எல்லாமே ஏற்கெனவே பொய்யாகச் சொல்லி முடித்த சொற்களாக இருந்தன. தன் குரலை நம்பக்கூடாது என்று தானே ஒரு கிழமை குந்தியிருந்து படிப்பித்திருக்கிறாள்.

சுடலைமுத்து மூச்சு வாங்க வேலியடிக்கு வந்தார். மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் வன்னிக்கு வந்தவர். பேச்சு மட்டும் இன்னும் அங்கேதான் இருந்தது.

“பயப்படாத புள்ள. வாய்க்கா பக்கமாப் போயிருச்சுன்னு நெனைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களோ, கண்டனீங்களோ மாமா?”

“வெடிப் பொகையில சரியாத் தெரியல. கையில இன்னும் ஒரு வெடி இருக்கு. நீ புள்ளையத் தேடு.”

அப்போதுதான் அவளுக்கு மணி ஞாபகம் வந்தது. முன்பள்ளிக் கதவுக்கு நல்ல பூட்டு இல்லாததால் ரீச்சர் மணியைத் தன் கைப்பையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோவார். வீடு இரண்டு கிலோமீற்றர். நிரோஜா போனில் ரீச்சரின் இலக்கத்தை அழுத்தினாள்.

“ரீச்சர், தேனு ஒளிச்சிட்டாள். கூப்பிட்டால் வாறாள் இல்லை. மணியோட ஒருக்கா வாங்கோ.”

“யானை எங்க?”

“போயிட்டுது எண்டுதான் சொல்லீனம்.”

“இந்தா, ஸ்கூட்டியை எடுத்திட்டன். ஒழுங்கை முகப்பில நிண்டே அடிக்கிறன், ஓடி வருவா. அழாதேங்கோ நிரோஜா.”

ஐந்து நிமிடம். பிள்ளை வந்ததும் என்ன கொடுக்கலாம் என்று நினைத்தாள். தோசை சுடலாம். இனி அந்த விளையாட்டே வேண்டாம், தாளைக் கிழித்து எறிந்துவிடலாம். அப்படி நினைத்தபடி வீட்டின் பின்பக்கம் போனவள், சுவர் மூலையில் அப்படியே நின்றாள்.

வளவின் கடைசியில் விளாமரம். அதற்குக் கீழே, மலசலகூடக் குழிக்கென்று தயாபரன் இறக்கிவைத்த மூன்று சீமெந்து வளையங்கள். பாம்பு கிடக்கும், கிட்டப் போகாதே என்று பிள்ளைக்குச் சொல்லிவைத்த இடம். அதனால்தான் அவள் அங்கே தேடவில்லை. மரத்தின் நிழல் இன்றைக்கு வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தது. பிறகு அந்த நிழல் ஒரு காதை அசைத்தது.

யானை போகவே இல்லை. சத்தமே இல்லாமல், விழுந்து கிடந்த விளாம்பழம் ஒன்றைத் தும்பிக்கையால் உருட்டி எடுத்து வாயில் வைத்தது. ஓடு உடைகிற சத்தம் நிரோஜாவின் பல்லுக்குள் கேட்டது. இன்னும் நாலு எட்டு வைத்தால் அதன் கால் வளையங்களில் முட்டும். நடு வளையம் சரிந்து கிடந்தது. அதன் வாய்க்குள் பச்சைச் சட்டையின் ஒரு துண்டு. குந்திய முழங்கால்கள். இறுக மூடிய கண்கள்.

கல்.

சுடலைமுத்து அவளுக்குப் பின்னால் வந்து, கண்டு, வெடியை வைத்திருந்த கையை மெல்லக் கீழே இறக்கினார். “எறிய ஏலாது புள்ள,” என்று மூச்சால் சொன்னார். “வெருண்டா நேரா புள்ள மேலதான் பாயும்.”

நிரோஜா தலையை ஆட்டினாள். பிள்ளை அசையாமல் இருக்கும் வரைக்கும் பயமில்லை. பழம் முடிந்தால் யானை தன் பாட்டில் போய்விடும். தேனுகா அசையமாட்டாள். அம்மா செத்துக் கிடந்தாலும் அசையமாட்டாள். மணி அடித்தால் மட்டும், சத்தம் வருகிற பக்கம் ஓடுவாள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒழுங்கை பின்பக்கமாக, விளாமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. வளையத்திலிருந்து வெளியே வந்தால் யானையின் கால்களைத் தாண்டித்தான் ஒழுங்கைக்குப் போகவேண்டும்.

தூரத்தில் ஸ்கூட்டியின் இரைச்சல் கேட்டது.

அவள் திரும்ப அழைத்தாள். போன் அடித்தது, அடித்தது, அடித்தது. ஓடிப் போய் மறிக்க வேறு வழி இல்லை. இருந்த ஒரே வழியில் யானை நின்றது. எட்டாம் தரம் அடித்தபோது ரீச்சர் எடுத்தார். காற்று இரைந்தது. “வந்திட்டன், வந்திட்டன்” என்ற ரீச்சரின் குரல் காற்றுக்குள் கிழிந்து போனது. நிரோஜாவின் கிசுகிசுப்பு அந்தக் காற்றைத் தாண்டி அவருக்குக் கேட்கவில்லை. பள்ளத்தில் ஸ்கூட்டி துள்ளியபோது, கைப்பைக்குள் கிடந்த மணியின் நாக்கு மெல்ல ஒரு தரம் பட்டது. போனுக்குள் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. அவள் வளையத்தைப் பார்த்தாள். மூடிய கண்கள் மூடியபடி இருந்தன.

யானை இன்னொரு பழத்தைத் தேடி ஒரு எட்டு முன்னால் வைத்தது.

ஒழுங்கை முகப்பில் ஸ்கூட்டி நின்றது. இரைச்சல் போனிலும் வெளியிலும் ஒரே நேரத்தில் அடங்கியது. கைப்பையின் சிப் இழுபடுவது கேட்டது. நிரோஜா இரண்டு கையாலும் போனைப் பொத்தி, உதட்டை அதோடு ஒட்டிவைத்து, சத்தம் இல்லாத குரலில் சொன்னாள்:

“ரீச்சர், அடிக்காதேங்கோ. மணியை மட்டும் அடிச்சுப்போடாதேங்கோ, ரீச்சர்...”