செய்தவர் வாய் திறக்கக் கூடாது

1

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று சிலரைக் கேலி செய்வோம் அல்லவா, நான் ஒதுங்கியவன். உண்மையாகவே மழைக்குத்தான். கையில் குடை இல்லை, ஒரு கதவு திறந்திருந்தது, நுழைந்துவிட்டேன். வீடியோ கேம் செய்யவும் படம் வரையவும் கற்றுத்தரும் கல்லூரி அது. ஓர் அறைக் கதவில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருந்தார்கள்: "விளையாடுபவர் விளையாடி முடித்து, பேசி முடிக்கும் வரை, செய்தவர் வாய் திறக்கக் கூடாது."

கதை பிறந்தது அந்தக் காகிதத்தில்தான். தலைப்பையும் அங்கிருந்தே சுட்டுவிட்டேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மேகங்கள் சூழ்ந்த ஒரு மாலைப் பொழுதில் அவள் பென்சிலை எடுத்து..." வேண்டாம். மழையில் நனைந்தது நான். அவளுக்கும் மேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: "'படம் வரைஞ்சா சோறு போடுமா?' என்று கர்ஜித்தார் அப்பா." இந்த அப்பாவை நீங்கள் எத்தனையோ கதைகளில் பார்த்துச் சலித்திருப்பீர்கள். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: அவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர்.

இது நிற்கும் போலிருக்கிறது. கண் விழித்ததும் பேச ஆரம்பிப்பாள். பல் தேய்க்கும்போதும் பேசுவாள், நுரை வேறு தெறிக்கும். "நடுநடுவுல மூச்சும் விடுடி" என்பாள் அம்மா. ரேடியோ மூச்சு விடுவதைப் பற்றியும் கொஞ்சம் பேசுவாள்.

3

அப்பாவுக்கு ஒரு சின்ன லாண்டரி. துவைப்பார், தேய்ப்பார், மடிப்பார். பேச்சு மட்டும் திக்கும். அவர் தொடங்கும் வாக்கியத்தை ரேடியோ முடித்துவைப்பாள். சின்ன வயதில் கடை மேஜைக்கு மேல் தலை தெரிய ஆரம்பித்ததிலிருந்தே இப்படித்தான். டாக்டரிடம், பஸ்ஸில், போனில், எங்கும் அவள்தான் அப்பாவின் வாய். அவ்வளவு பாசம் அவர்மேல்.

ஒருநாள் பக்கத்துத் தெரு நர்ஸ் தன் வெள்ளைச் சட்டைகளைக் கேட்டு வந்தார்.

"ச... சா..." என்று தொடங்கினார் அப்பா.

"சனிக்கிழமை ரெடி ஆயிடும்க்கா" என்றாள் ரேடியோ. நர்ஸ் சந்தோஷமாகப் போய்விட்டார்.

அவர் தெருமுனையைத் தாண்டிய பிறகு அப்பா முடித்தார்: "சா... சாயம் ஏறிடுச்சும்மா. ரோஸ் கலர்."

சனிக்கிழமை நர்ஸ் பேசிய பேச்சை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. அப்பா கல்லாவுக்குப் பின்னால் குனிந்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

(ஒரு சந்தேகம். திக்குவாயைக் காட்டி உங்களிடம் கண்ணீர் கறக்கப் பார்க்கிறேனா? எழுதிவிட்டு இதே கேள்வியோடு இரண்டு நாள் சுற்றினேன். அந்தச் சிரிப்பைச் சேர்த்த பிறகுதான் நிம்மதி வந்தது. இந்த மனிதரைப் பார்த்துப் பரிதாபப்படுவது ரொம்பக் கஷ்டம்.)

4

அந்தக் கல்லூரியில் படிக்கும் ரேடியோ செய்த கேமில் கதாநாயகன் ஒரு ஒற்றைச் சாக்ஸ். தொலைந்த ஜோடியைத் தேடி ஒரு லாண்டரி முழுக்கத் தாவிக்கொண்டே போகும். கடைசியில் வாஷிங் மெஷின் கதவைத் திறந்து உள்ளே குதித்தால் ஜோடி கிடைக்கும். அவ்வளவுதான் கேம்.

தேர்வில் வேறொருவர் அதை விளையாட வேண்டும். ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த முயற்சி ரத்து. மூன்று முறையும் ரத்தானால் அந்த வருஷத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

முதல் முறை விளையாடியது கேன்டீன் அக்கா. வாஷிங் மெஷின் முன்னால் வந்து, திருதிருவென்று விழித்தார்.

"அதுதாங்க்கா கதவு" என்றாள் ரேடியோ. ரத்து.

இரண்டாம் முறை வாட்ச்மேன். அதே இடத்தில் அவரும் நின்றார். ரேடியோ பேசவில்லை, இருமினாள். திரையில் கதவு இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பி இருமினாள்.

"தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார் வாட்ச்மேன்.

"இருமலும் பேச்சுதான்" என்றார் கேம் டீச்சர். அதுவும் ரத்து.

5

ஓவிய வகுப்பைப் பற்றி நான் இதுவரை மூச்சு விடவில்லை. மறக்கவில்லை, அங்கே இவள் வாயே திறப்பதில்லை என்பதால் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆமாம், படம் வரையும்போது ரேடியோ ஆஃப். முதல் வகுப்பில் பக்கத்துச் சீட்டுத் தோழி பயந்துபோய், "ஏண்டி, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எதிரே இருந்த நாற்காலியை வரைந்துகொண்டிருந்தாள் ரேடியோ. படத்தில் இருந்த நாலாவது காலைக் காட்டி, "அந்தக் கால் உனக்கு இங்கேருந்து தெரியுதா?" என்று கேட்டார் ஓவிய டீச்சர். தெரியவில்லை. நாற்காலி என்றால் நாலு கால் இருக்குமே என்று அவளாகப் போட்டது.

இரண்டாம் ரத்துக்குப் பிறகு தோழிகளை உட்காரவைத்து விளையாடச் சொன்னாள். வாய்க்குப் பதில் கைக்கு வேலை கொடுத்தாள். அவர்கள் ஆட ஆட, இவள் அவர்கள் முகத்தை வரைந்தாள். பிறகு படங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தால், வாஷிங் மெஷின் வந்த இடத்தில் எல்லாப் புருவமும் ஒன்றுபோல மேலே ஏறியிருந்தது. திரையில் அவள் வரைந்திருந்தது வெறும் வட்டம். கைப்பிடி இல்லை, இடுக்கு இல்லை. அது கதவு என்று அவளுக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

"அடச்சே, நாலாவது கால்" என்றாள் ரேடியோ. அன்றைக்கே அப்பாவின் கடைக்குப் போய், மெஷின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவை அங்குலம் அங்குலமாகப் பார்த்து வரைந்தாள். இடுக்கில் ஒரு துண்டின் நுனி மாட்டிக்கொண்டு தொங்கியது. அதையும் சேர்த்தாள்.

6

கடைசி முயற்சிக்கு, வீட்டில் கேமே ஆடாத ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார்கள். அம்மா எந்நேரமும் போன் கேமில் பழம் உடைத்துக்கொண்டிருப்பவள், அவள் ஆகாது. அப்பா வந்தார், தேய்த்த சட்டையோடு.

(காகிதத்தில் இருந்ததை நினைவுபடுத்துகிறேன்: 'பேசி முடிக்கும் வரை.' விளையாட்டு முடிந்ததும் விளையாடியவர் தன் வாயால் கருத்துச் சொல்ல வேண்டும். ரேடியோவுக்குக் கவலை அதுதான்.)

அப்பா ஆடினார். அவள் வரைந்தாள். சாக்ஸ் இரண்டு தடவை சோப்புத் தண்ணீரில் விழுந்தது. அப்பா "அச்சச்சோ" என்று அதனிடம் வருத்தம் தெரிவித்தார். மெஷின் வந்தது. ரேடியோவின் பென்சில் நின்றது. அப்பாவின் புருவம் அசையவே இல்லை. துண்டின் நுனியைப் பார்த்தார், கைப்பிடியை இழுத்தார், உள்ளே குதித்தார். ஜோடி கிடைத்தது.

"இப்ப சொல்லுங்க சார், கேம் எப்படி இருந்தது?" என்றார் கேம் டீச்சர். அறை முழுக்க மாணவர்கள்.

அப்பா எழுந்து நின்றார். "இந்த சா... சாக்ஸு..."

7

மூன்று முடிவுகள் என் கைவசம் இருந்தன. அப்பா கடகடவென்று பேசிவிடுகிறார், எல்லாரும் கை தட்டுகிறார்கள்: ஒரு கேம் ஆடினால் திக்கல் போய்விடுமா? கிழித்தேன். ரேடியோ தாங்காமல் முடித்துவைத்து, வருஷத்தைக் கோட்டைவிடுகிறாள்: அழகாக வந்தது, ஆனால் அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவாள் போலிருந்தது. மூன்றாவதில் அப்பாவின் வாக்கியத்தை நானே எழுதியிருந்தேன். நல்ல வாக்கியம்தான். அதையும் அடித்துவிட்டேன்.

"அ... அது..." என்கிறார் அப்பா.

ரேடியோவுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. அது ஒரு வாக்கியம் அல்ல, நாலைந்து வாக்கியம். பென்சிலை அழுத்திப் பிடித்து அவர் உதட்டை வரைகிறாள். பிறகு கண்ணை. இந்த இடத்தில் அவர் கண் எப்படி இருக்கும் என்று அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை, அதற்குள் பேசிவிடுவாள். உதவி கேட்டுத் தவித்துக்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. அந்தக் கண் ஜாலியாக இருக்கிறது. என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிகிறது. அவருக்கு அவசரமே இல்லை. அவசரம் எல்லாம் இவளுக்குத்தான் இருந்திருக்கிறது.

ரேடியோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

இனி முடிவு உங்களுடையது என்று சொல்லி நழுவிவிடலாம். செய்ய மாட்டேன். உங்கள் நாக்கு நுனியிலும் ஒரு வாக்கியம் துடிக்கிறது, எனக்குத் தெரியும். தயவுசெய்து முடித்துவைக்காதீர்கள். நானும் இதோ வாயை மூடிக்கொள்கிறேன். நாமும் அந்த அறையில் ஓரமாக உட்கார்ந்துகொள்வோம், மழையும் விட்டபாடில்லை.

அப்பா மறுபடி தொடங்குகிறார்.

"அது த... த..."